வலப்பக்கம் வளையும் பந்து

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கச் சொன்னது கோல்ஃப் கோச் போஜன். தினமும் எத்தனை பந்து அடித்தேன், எத்தனை நேராகப் போயின என்று எழுதிவந்தால் தப்பு எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடுமாம். சரி, எழுதுவோம்.

இன்று அடித்தது நாற்பது பந்து. நேராகப் போனவை நான்கு. தரையைவிட்டுக் கிளம்பவே கிளம்பாதவை ஐந்து. மீதி முப்பத்தொன்றும் ஒழுங்காகப் புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறி, வலப்பக்கமாக வளைந்து வேலியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய்விட்டன. இந்த நோய்க்கு ஸ்லைஸ் என்று பெயர். இரண்டரை வருஷ ஆட்டத்தில் இந்த வருஷம்தான் இது எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு விளையாடும் சிதம்பரநாதன் எனக்குக் ‘கொண்டை ஊசி டாக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டான். ஊட்டி மலைப்பாதையில்கூட அப்படி ஒரு வளைவு கிடையாதாம். நூல் மில் வைத்திருப்பவனுக்கு நக்கலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

போஜனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோத்தகிரிப் பக்கம். அதிகம் பேசமாட்டார். பத்துப் பந்து பார்த்துவிட்டு, “ஏன் சார் மட்டையை இப்படி நெரிக்கறீங்க? கழுத்தா அது?” என்றார்.

“பல் டாக்டர் கை போஜன். முப்பத்தஞ்சு வருஷமாப் பல்லுப் புடுங்கற கை. அப்படித்தான் இருக்கும்.”

“இறுக்கிப் புடிச்சா மணிக்கட்டு திரும்பாது சார். மணிக்கட்டு திரும்பலைன்னா மட்டையோட முகம் தொறந்தே இருக்கும். பந்து வலதாலதான் போகும். லூசா விடுங்க.”

விட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. மறுபடி இறுக்கிக்கொண்டேன்.

என் மனைவி ஜெயமணியும் வந்திருந்தாள். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றதிலிருந்து நடப்பதற்குப் புல்வெளி வேண்டும் என்று என்னோடு வருகிறாள். போஜன் சும்மா ஒரு மட்டையைக் கையில் கொடுத்தார். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு வீசு வீசினாள். எண்பது கஜம். நூல் பிடித்தாற்போல் நேராக.

“ஏனுங்க, இவ்வளவுதானா?” என்று என்னைக் கேட்டாள்.

முதல் நாள் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் உண்டு.

ஆகஸ்ட் 9, புதன்

ஹாலில் கண்ணாடி முன்னால் பயிற்சி. வலது அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு, அது கீழே விழாமல் மட்டையை வீச வேண்டும். அப்போதுதான் கை உடம்போடு சேர்ந்து திரும்புமாம். துண்டு ஏழு முறை விழுந்தது. எட்டாவது முறை விழவில்லை. ஆனால் மட்டை மின்விசிறியில் பட்டது. ஜெயமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “விசிறி நேராத்தான சுத்திட்டிருந்துச்சு?” என்றாள்.

தண்ணீர் ஃபில்டருக்கு ஆள் வரவில்லை. நாளை போன் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஒரு பெரிய கண்டுபிடிப்பு. போஜன் தரையில் இரண்டு குச்சிகளைத் தண்டவாளம்போல் வைத்து, வழக்கம்போல் நிற்கச் சொன்னார். நின்றேன். அப்படியே நகர்ந்து வந்து பார்க்கச் சொன்னார். என் பாதம் இரண்டும் குறியைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்து வலப்பக்கம் போய்விடும் என்ற பயத்தில் என்னை அறியாமல் இடது பார்த்து நின்றிருக்கிறேன். அப்படி நின்றால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருமாம். பந்து இன்னும் அதிகமாக வலதில் வளையுமாம்.

“பயந்து ஒதுங்கினீங்கன்னா சார், அது இன்னும் ஜாஸ்திதான் ஆவும்” என்றார் போஜன்.

ஐம்பது பந்து. நேராகப் போனவை பதினொன்று! முன்னேற்றம்.

ஆகஸ்ட் 16, புதன்

கிளினிக்கில் இன்று இரண்டு வேர் சிகிச்சை இருந்தது. இரண்டையும் டாக்டர் மெர்லினிடம் கொடுத்துவிட்டேன். நல்ல பெண். என்னிடம் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சின்னவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தால்தானே கை பழகும்.

புதுப் பேனா வாங்கினேன். பழையது கோழி கிறுக்கினாற்போல் எழுதுகிறது. இதுவும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போதெல்லாம் பேனா யாரும் சரியாகச் செய்வதில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முப்பது பந்து. நேராக ஒன்பது.

போஜன் இன்று பிடியைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். “சார், யாரோ ஒருத்தரோட பல் செட்டைக் கையில வெச்சிருக்கீங்க. கீழயும் போடக் கூடாது, உடைக்கவும் கூடாது. அப்படிப் புடிங்க” என்றார். என் தொழிலுக்காகவே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

தளர்த்தினேன். பந்துக்குப் பின்னால் மட்டையின் தலை லேசாக ஆடியது. காற்று.

“காத்தே இல்லையே சார்” என்றார் போஜன்.

இன்று வெயில் அதிகம். சீக்கிரம் வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஜெயமணி பித்தளை டம்ளர், டபராவையெல்லாம் எடுத்து மேலே வைத்துவிட்டாள். எனக்குக் காபி இப்போது பெரிய பீங்கான் கோப்பையில், அதுவும் பாதிதான் வருகிறது. ஏன் என்று கேட்டதற்கு, “காபியைக் கொறைங்கன்னு போன மாசம் நீங்கதான சொன்னீங்க?” என்றாள். சொன்னதாக ஞாபகம் இல்லை.

கிளப்பில் அக்டோபர் முதல் தேதி ஜோடிப் போட்டி. கணவனும் மனைவியும் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒன்பது குழி, குறைந்த அடிகளில் முடிக்கிற ஜோடிக்கு ஜெயம். என்னைக் கேட்காமலேயே ஜெயமணி எங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சிதம்பரநாதனும் வசந்தாவும் எங்களோடு வருகிறார்கள்.

“நீ கத்துக்க ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல அம்மிணி.”

“நீங்க ரெண்டரை வருஷமாக் கத்துக்கறீங்க. ரெண்டையும் கூட்டி வகுத்தா சரியா வரும்.”

செப்டம்பர் 3, ஞாயிறு

ஜோடியாக முதல் பயிற்சி. நான் அடித்த பந்தை அவள் போய் அடிக்க வேண்டும். அதாவது நான் தோப்புக்குள் அனுப்பினால் அவள் தோப்புக்குள் போக வேண்டும். மூன்று முறை போனாள். மூன்றாவது முறை கையில் பந்தோடு ஒரு தேங்காயும் கொண்டுவந்தாள்.

“தோப்புக்காரரு குடுத்தாருங்க. இத்தன தடவ வர்றீங்களே, எடுத்துட்டுப் போங்கன்னாரு.”

சட்னிக்கு ஆயிற்று.

அவள் எண்பது, தொண்ணூறு கஜத்துக்கு மேல் அடிப்பதில்லை. ஆனால் எங்கே பார்த்து அடிக்கிறாளோ அங்கே போகிறது. அவள் விரல்களைக் கவனித்தேன். மட்டையைப் பிடித்திருக்கிறாளா, தொட்டுக்கொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. அவ்வளவு லேசு. பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. பொறாமை இல்லை. சொந்த மனைவி மேல் என்ன பொறாமை?

செப்டம்பர் 8, வெள்ளி

பயிற்சி இல்லை.

கிளினிக்கில் ஒருவருக்குச் சொத்தை சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ட்ரில் வழுக்கிக் கீழுதட்டில் ஒரு சின்னக் கீறல். எச்சில் அதிகம். மெர்லின் உடனே பஞ்சு வைத்தாள். தையல் தேவைப்படவில்லை. பாண்டுரங்கன் என்று பெயர், ஸ்கூல் வாத்தியார். “பரவாயில்லைங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, சனி

நேற்று எச்சில் அதிகம் இல்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

கிளினிக்கில் எல்லா வேலையையும் இப்போதைக்கு மெர்லின் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தோள் வலி, கோல்ஃபால் வந்தது என்று காரணம் சொன்னேன். மெர்லின் தலையாட்டினாள். எந்தத் தோள் என்று கேட்கவில்லை.

ஜெயமணியிடமும் அதையே சொன்னேன். அவளும் எந்தத் தோள் என்று கேட்கவில்லை. தைலம் தேய்த்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். தேய்த்துக்கொள்ளாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று வலது தோளில் தேய்த்துக்கொண்டேன். வலியே இல்லாத தோளில் தைலம் பயங்கரமாக எரிகிறது.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. காலையில் பூஜை. கொழுக்கட்டை ஒன்பது சாப்பிட்டேன்.

தீபாராதனை எப்போதும் நான்தான் காட்டுவேன். இன்று தட்டைக் கையில் எடுத்ததும் கற்பூரம் தட்டில் அங்கும் இங்கும் உருண்டது. ஜெயமணி சாதாரணமாக, ஏதோ ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நடப்பதுபோல, தன் கையை என் கைக்கு அடியில் வைத்துத் தட்டைத் தாங்கிக்கொண்டாள். இருவருமாகக் காட்டினோம்.

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கையெழுத்துப் போட வராது. பேங்கில் கைநாட்டு வைத்தார். தாசில்தாராக இருந்து ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர். அன்று நான்தான் கூடப் போயிருந்தேன். அவர் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “பேனா சரியில்லை” என்றார்.

இதை இந்த நோட்டில் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இது கோல்ஃப் நோட்டு.

செப்டம்பர் 24, ஞாயிறு

பந்து: ஆறு. அதற்குமேல் அடிக்கவில்லை.

போஜன் சுற்றிலும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நடுங்கினா நடுங்கட்டும். நடுங்கிட்டே அடிங்க. கை வீச ஆரம்பிச்சதும் அது நின்னுருது, நான் பார்த்துட்டேன். நீங்க அத அமுக்கறதுக்குத்தான் இறுக்கறீங்க. பந்து வளையறது நடுக்கத்தால இல்லீங்க சார். நீங்க அமுக்கறதாலதான்.”

“யாருக்குய்யா நடுங்குது?” என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். காரில் சிக்னலில் நின்றபோது ஜெயமணி, “நல்ல மனுசன் அவரு” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் போஜனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றார்.

அக்டோபர் 1, ஞாயிறு

போட்டி. கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒற்றைப்படைக் குழிகளில் முதல் அடி என்னுடையது, இரட்டைப்படையில் ஜெயமணியுடையது. முதல் குழியில் வழக்கம்போலப் பந்தை வேலி ஓரம் அனுப்பினேன். ஜெயமணி அதை ஒரு புதருக்கடியிலிருந்து அழகாக வெளியே தட்டிவிட்டாள். “இது என்னுங்க, ஊட்டுல பீரோவுக்கு அடியில போன சாவிய எடுக்கற மாதிரிதான?” என்றாள். வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சிதம்பரநாதன் ஒவ்வொரு குழியிலும் மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு அடித்தான். அவனுக்கும் இது விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

ஏழு குழி முடிந்தபோது நாங்கள் ஒரு அடி முன்னால் இருந்தோம். நம்பவே முடியவில்லை.

எட்டாவது குழி. ஜெயமணி பந்தைக் குழிக்கு இரண்டடி தூரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். உருட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. சின்னக் குழந்தைகூடப் போட்டுவிடும். நான் குனிந்து நின்றேன். உருட்டுகிற அடியில் வீச்சே கிடையாது. கை மெதுவாகத்தான் நகர வேண்டும். வலது கையில் நடுக்கம் கிளம்பிவிட்டது. இறுக்கினேன். இறுக்க இறுக்க முழங்கைவரைக்கும் வந்தது. தட்டினேன். பந்து குழியின் வலது ஓரத்தை உரசிக்கொண்டு போய் நின்றது.

சிதம்பரநாதன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். அடிகள் சமம்.

ஒன்பதாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரம். அவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நான் மரத்தடியில் நின்றுவிட்டேன். ஜெயமணி திரும்பி வந்தாள்.

“அம்மிணி, தோள் வலின்னு சொன்னேன்ல, அது இல்லை.”

“ம்.”

“கை நடுங்குது. ஆறேழு மாசமா. அப்பாவுக்கு இருந்த மாதிரி.”

“தெரியுமுங்க.”

“எப்ப இருந்து?”

“ஏப்ரல்ல என்ற தங்கச்சி ஊட்டுக் கல்யாணத்துல ரசத்தை வாங்கினீங்களே, டம்ளரை அப்படியே கீழ வெச்சுட்டு, ரசம் நல்லால்லைன்னு சொன்னீங்க. நீங்க ரசத்தை நல்லால்லைன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க.”

“ஏன் கேட்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்துப் பார்த்து நான் கோல்ஃபே கத்துக்கிட்டேன்.” சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. “உங்ககூட எங்கியாச்சும் தனியா நடந்தா வாய் தொறப்பீங்கன்னுதான் இங்க வர ஆரம்பிச்சேன். நீங்க என்னடான்னா பந்து தேடறீங்க.”

“ஒருத்தர் உதட்டைக் கிழிச்சுட்டேன் அம்மிணி” என்றேன். இதை மட்டும் அவள் அறிந்திருக்கவில்லை. முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புதங்கெழமை நரம்பு டாக்டர்கிட்டப் போலாம். நான் சொல்லி வெக்கறேன்” என்றாள். பிறகு, “இப்ப வாங்க. அந்த மனுசன் மூச்சு இழுத்து இழுத்தே மயங்கிருவாரு.”

ஒன்பதாவது, என் அடி. பந்தை வைத்தேன். பாதத்தைக் குறிக்கு நேராக வைத்தேன். பிறகு விரல்களைத் தளர்த்தினேன். மட்டையின் தலை பந்துக்குப் பின்னால் ஆடியது. இந்த முறை ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீசினேன்.

மட்டை மேலே போனபோதே கை அமைதியாகிவிட்டது. மணிக்கட்டு தானாகத் திரும்பியது. சத்தமே வேறு மாதிரி இருந்தது. தட் என்று இல்லை, டிக் என்று. பந்து கிளம்பி, பாதி வழி போய், வழக்கமாக மனம் மாறுகிற இடத்துக்கு வந்து, மாறாமல், அப்படியே போய்க்கொண்டிருந்தது. நூற்றெழுபது கஜம் இருக்கும். புல்வெளியின் நடு மத்தியில் விழுந்தது.

“மாப்ளே!” என்று சிதம்பரநாதன் கத்தினான். அவனுடைய எதிராளி நான் என்பதை மறந்துவிட்டான்.

இதற்குப் பிறகு நாங்கள் ஜெயித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். கடைசியில் மூன்றடி தூரத்தில் ஜெயமணி உருட்ட வேண்டியிருந்தது. போட்டால் சமம். காலையிலிருந்து ஒரு பந்தைக்கூடத் தவறவிடாதவள், அதைக் குழிக்கு ஒரு சாண் இடப்பக்கமாக உருட்டிவிட்டாள். ஒரு அடியில் தோற்றோம்.

“என்ற கையுமில்ல நடுங்கிருச்சு” என்றாள். இருவரும் குழியருகிலேயே நின்று சிரித்தோம். போஜன் தூரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

அக்டோபர் 4, புதன்

நரம்பு டாக்டர் சுருள் சுருளாகக் கோடு வரையச் சொன்னார், தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். நான் பயந்துகொண்டிருந்த, கைகால் முடங்கிப்போகிற வியாதி இல்லையாம். பரம்பரையாக வருகிற கை நடுக்கம்தானாம். உயிருக்கு ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தார், குறையும், முழுசாக நிற்காது என்றார். காபியையும் குறைக்கச் சொன்னார். ஜெயமணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

கடைசியாக, “இன்னும் ட்ரில் பிடிக்கறீங்களா டாக்டர்?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது முடிந்துபோன விஷயம் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஜெயமணி காரை ஓட்டினாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

பாண்டுரங்கன் வாத்தியாருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். “உதடு அப்பவே ஆறிப்போச்சுங்க” என்றார். பிறகு, “சொன்னதுக்கு நன்றிங்க” என்றார். அந்தக் குரலில் கோபமும் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

மெர்லினிடமும் சொன்னேன். “தோள் எப்படி சார் இருக்கு?” என்று கேட்டுவிட்டு, அழுதாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஐம்பது பந்து. நேராக இருபத்தொன்பது. தோப்புக்குள் ஏழு. ஜெயமணி என் கிழிந்த கையுறைக்குப் பதிலாகப் புதிது வாங்கியிருக்கிறாள். போஜன் அவளை நூறு கஜம் அடிக்க வைக்காமல் விடமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 9, திங்கள்

காலையில் முதல் ஆளாகக் குழந்தைவேலு என்று ஒருவர் வந்தார். லாரி வைத்திருக்கிறார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். பத்து நாள் பொறுத்து, வேறு வழியில்லாமல் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“நீங்கதானுங்களே புடுங்குவீங்க? உங்க கை ராசின்னு சொல்லித்தான் வந்தனுங்க.”

இரண்டு நாளாக இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். நாசூக்கான பதில். அது வாயில் வரவில்லை.

“எனக்குக் கை நடுங்குதுங்க. அதனால நான் எடுக்கமாட்டேன். டாக்டர் மெர்லின் எடுப்பாங்க. என்னைவிட நல்லா எடுப்பாங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மெர்லினைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“அப்ப நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

நியாயமான கேள்வி. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலியைப் பிய்த்துவிடுவதுபோல் பிடித்திருந்த அவர் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன்.

“இதப் பண்றேன்” என்றேன்.

மெர்லின் ஊசி போட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாய் மரத்த பிறகு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கிண்ணத்தில் பல் விழுகிற சத்தம் கேட்டது.

“அவ்வளவுதானுங்களா?” என்று பஞ்சு வைத்த வாயோடு கேட்டார்.

“அவ்வளவுதானுங்க” என்றேன். அவர் கையை விடவில்லை. நானும் விடவில்லை.